படகைத் தந்தோரும் படகைக் காத்தோரும்

மட்டக்களப்பு வாவியின் கரையில் எங்கு நின்று பார்த்தாலும் ஒரு காட்சி நம் கண்ணிற் படாமற் போவதில்லை. நீரில் மிதக்கும் படகுகளுக்கு அப்பால், கண்டற் செடிகளின் ஓரத்திலும் தென்னையின் நிழலிலும் சில படகுகள் கவிழ்த்துப் போடப்பட்டுக் கிடக்கும். மரத்தைக் குடைந்து செய்த தோணிகளல்ல அவை. கண்ணாடிநாரும் ரெசின் பசையும் சேர்த்து வார்த்த படகுகள். வெயிலில் நிறம் வெளுத்து, அடிப்பாகம் மணலில் தேய்ந்து, அணியத்தில் ஏதோவொரு தொண்டு நிறுவனத்தின் பெயர் பாதி அழிந்து காணப்படும். அவற்றுள் ஒன்றன் அருகே ஒரு மனிதர் குந்தியிருப்பார். சிறு சுத்தியலின் பிடியால் படகின் வயிற்றை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். ஓசை இறுகி ஒலித்தால் கை மேலே நகரும். வெற்றோசை எழுந்தால் அவ்விடத்திற் கரித்துண்டால் ஒரு வட்டம் விழும்.

அம்மனிதர் யார்? இந்நாட்டின் வரலாற்றில் அவருக்குரிய இடம் எது? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

மட்டக்களப்பின் வரலாறு கலங்களிலிருந்தே பெரும்பாலும் தொடங்கப்படுகின்றது. 1602 இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் தன் கப்பல்களுடன் இக்கரையை அடைந்தான் என்று படிக்கின்றோம். 1628 இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர் என்று படிக்கின்றோம். வந்தவர், கட்டியவர், பிடித்தவர் ஆகிய மூவகையாரும் ஏடுகளில் இடம் பெற்றுவிட்டனர். ஆனால் கடலோடிய எந்த மரக்கலமும் ஆண்டுதோறும் கரையேற்றப்பட்டு, பாசி சுரண்டப்பட்டு, பொருத்துவாய்கள் அடைக்கப்படாமல் நிலைத்ததில்லை. அப்பணியைச் செய்த கைகள் எவருடைய ஏட்டிலும் இல்லை. ஒரு பொருளை ஆக்குவதும் அளிப்பதும் வரலாறாகின்றன. அதனை நாள்தோறும் காப்பது வெறும் வேலையாகக் கழிந்து போகின்றது. உழைப்பை மதிப்பதாகக் கூறும் நாமுங்கூட இப்பிழையைப் பலகாலம் செய்து வந்திருக்கின்றோம்.

வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது இவ்வாவி. ஞாயிறு எழும் திசையிலுள்ள கரை எழுவான்கரை. ஞாயிறு படும் திசையிலுள்ள கரை படுவான்கரை. ஒருபுறம் கடலும் மீனும் கடைத்தெருவும். மறுபுறம் வயலும் மாடும் நெல்லும். இரண்டையும் இணைத்தவை தோணிகளும், இப்பகுதி மக்கள் ‘பாதை’ என்றே பெயரிட்டழைக்கும் மிதவைகளுமாகும். நிலத்தில் உள்ளதற்கு மட்டுமன்றி நீரைக் கடக்கும் கலத்துக்கும் பாதையென்று பெயர் வைத்த மக்களின் வாழ்வில் படகு பெற்றிருந்த இடத்தை அச்சொல் ஒன்றே காட்டும். மண்முனைத் துறையில் 2014 இல் பாலம் திறக்கப்பட்டது. கல்லடியிற் பழைய பாலத்தின் அருகே புதிய பாலம் 2013 இல் எழுந்தது. ஆயினும் குருமண்வெளி, மண்டூர் போன்ற துறைகளின் நினைவு இன்னும் ஊர்ப் பெயர்களோடு ஒட்டியே வாழ்கின்றது.

மரத்தோணிக் காலத்தில் ஒரு கலத்தைக் காப்பதென்றால் என்ன? அதனைச் சிறிது விரிவாகக் காணவேண்டும். பருமரத்தைக் குடைந்தும், மேலே பலகை சேர்த்துத் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்தும் கலங்கள் செய்யப்பட்டன. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள வாயில் தும்பையோ பஞ்சையோ திணித்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சி வார்த்து அடைப்பது கலப்பற்று வேலை. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுப்பதற்கு மீனெண்ணெயும் புன்னையெண்ணெயும் பூசப்பட்டன. இவை யாவும் கரையிலேயே கிடைத்த பொருள்கள். மழைக்காலத்திற் கடல் கொந்தளிக்கும்போது கலங்கள் கரையேறும். பழுது பார்க்கும் வேலை நடைபெறும். தந்தை மகனுக்கும் மாமன் மருமகனுக்கும் கைப்பழக்கமாகக் கொடுத்த அறிவு அது.

எனினும் அக்காலத்தைப் பொற்காலமாக வருணிப்பது நேர்மையாகாது. பெரிய தோணியும் கரைவலையும் சம்மாட்டியின் உடைமைகள். வலை இழுப்போர் பங்குக்கு உழைத்தனர். பங்கிலே முதற்கூறு தோணிக்கும் வலைக்கும் போயிற்று. தோணி பழுதானாற் செலவு உழைப்போர் பங்கிலும் வந்து விழுந்தது. கலப்பற்றும் கயிற்றுத் தையலும் அறிந்த கைகள் கலத்துக்கு உரிமை பூணவில்லை. காத்தவன் வேறு, உடையவன் வேறு என்ற பிளவு கண்ணாடிநாரோடு வந்ததன்று; அதற்கு முன்பே இருந்தது.

வடக்கே வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை நம்மவர் பெருமையுடன் நினைவு கூர்வர். அமெரிக்கரான வில்லியம் அல்பேட் ரொபின்சன் அதனை வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் எனப் பெயர் மாற்றினார். 1938 இல் அது மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. நம் கைவினைஞர் கட்டிய கலம் பெருங்கடல்களைத் தாண்டிற்று என்பது மெய்யாகவே பெருமைக்குரியது. ஆனால் அந்தப் பயணத்துக்கு முன்னர் அக்கலத்தை ஒவ்வோராண்டும் கரையேற்றிக் கலப்பற்றியவர்கள் இல்லையேல் அது குளொஸ்டரை அல்ல, பக்கத்துத் துறையையும் கண்டிராது. பெருமை பேசும்போது நாம் அவர்களை மறந்துவிடுகின்றோம்.

இனி, மாற்றம் எவ்வாறு வந்ததென்று நோக்குவோம். 1950களின் இறுதியில் இலங்கை அரசு மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கும் திட்டத்தில் இறங்கிற்று. மூன்றரைத் தொன் படகுகள் கடனாக வழங்கப்பட்டன. 1964 இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் அமைந்தது. நைலோன் வலை பருத்தி வலையை வெளியேற்றிற்று. பாய்க்குப் பதில் இயந்திரமும், காற்றுக்குப் பதில் எரிபொருளும் வந்தன. கச்சான் காற்றையும் வாடையையும் கொண்டலையும் கணித்துப் பாய் விரித்த அறிவு ஒரு தலைமுறைக்குள் பழங்கதையாயிற்று. விளைவு பெருகியது என்பதை மறுக்க இயலாது. அதேவேளை, கடனுக்கு ஈடு காட்ட வல்லவன் முதலிற் படகு பெற்றான். ஈடு இல்லாதவன் அவன் படகிற் கூலியானான் என்பதையும் மறைக்க இயலாது.

இம்மாற்றத்தின் அடுத்த படியே கண்ணாடிநார். இப்பொருளின் பிறப்பு நம் கரையிலன்று. உருக்கிய கண்ணாடியை நூலிலும் நுண்ணிய இழைகளாக இழுக்கும் தொழில் 1930களில் அமெரிக்காவில் வளர்ந்தது. திரவநிலையிலிருந்து இறுகும் பொலியெஸ்டர் ரெசினும் அப்பத்தாண்டிலேயே உருவாயிற்று. இரண்டையும் இணைத்த பெருமை, வருத்தத்துக்குரிய வகையில், போருக்கே உரியது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ராடார் மூடிகள் இக்கலவையாற் செய்யப்பட்டன. 1942 இல் ஒகையோ மாநிலத்து ரே கிறீன் கட்டிய சிறு பாய்ப்படகே முதற் கண்ணாடிநார்ப் படகுகளுள் ஒன்றாகப் பொதுவாகக் குறிக்கப்படுகின்றது. போர் முடிந்தபின் தொழிற்சாலைகள் புதிய சந்தை தேடின. 1956 இல் பவுண்டி II, 1959 இல் பியர்சன் ட்ரைட்டன் என அச்சில் வார்த்த பாய்ப்படகுகள் வந்தன. அதுவரை செல்வருக்கே உரியதாயிருந்த உல்லாசப் படகு அமெரிக்க நடுத்தர வகுப்பின் கைக்கு எட்டிற்று.

நம் நாட்டில் இப்பொருள் உல்லாசத்துக்காக வரவில்லை, வயிற்றுக்காக வந்தது. யாழ்ப்பாணக் கரையைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வே சென்றவர். அந்நாட்டு நண்பர்களின் துணையுடன் அவர் முன்னின்று உருவாக்கிய சீ-நோர் நிறுவனம் 1960களின் பிற்பகுதியிலிருந்து காரைநகரிற் படகு கட்டும் தொழிலை வளர்த்தது. 1970களில் பதினேழு, பதினெட்டு அடி நீளமான கண்ணாடிநார்ப் படகுகள் வெளிப்புற இயந்திரத்துடன் தீவின் கரைகளெங்கும் பரவலாயின. காடு குறுகிப் பருமரம் அரிதாகி வந்த காலம் அது. அச்சு ஒன்றிருந்தால் ஒரே வடிவப் படகுகளை விரைவாக வார்க்கலாம், பாரம் குறைவாதலாற் சிலர் கூடிக் கரையேற்றலாம், புழு துளைக்காது, கலப்பற்று வேண்டாம். மீனவர் இதனை ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

‘இப்படகுக்குப் பராமரிப்பே வேண்டியதில்லை’ என்ற நம்பிக்கையும் கூடவே பரவிற்று. இந்நம்பிக்கையே பின்னைய துன்பங்கள் பலவற்றின் வித்தாகும்.

கண்ணாடிநார் உளுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அது மூப்படைகின்றது. படகின் மேற்றோலாகிய ஜெல்கோட் வெயிலில் வெளுத்து மாப்போல் உதிரும். மணலில் இழுபடும் அடிப்பாகத்தில் அது தேய்ந்து போக, உள்ளிருக்கும் நார் வெளித்தெரியும். அத்தோலினூடாக நீர் மெல்ல மெல்ல ஊறும். வார்க்கும்போது சரியாக இறுகாமல் எஞ்சிய பொருள்களை அந்நீர் கரைத்து உள்ளே கொப்புளமாகத் திரளும். கொப்புளத்தைக் கிழித்தாற் புளித்த வாடை வீசும். இயந்திரம் பூட்டும் பின்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகை மறைந்திருக்கின்றது. ஆணித் துளை வழியே இறங்கும் நீர் அதனை உளுக்கச் செய்யும். வெளியே பார்த்தாற் படகு திடமாகவே தோன்றும். ஒருநாள் கடலில் இயந்திரம் பலகையோடு கழன்று போகும். மரத்தின் நோய் வெளியே தெரியும்; இதன் நோய் உள்ளே ஒளிந்திருக்கும். கரையிற் குந்தியிருந்து தட்டிக் கேட்கும் மனிதரின் செவி இதனாலேதான் இன்றியமையாதது.

நோய் கண்டபின் மருத்துவம். வெடித்த இடத்தில் மேலே பசை தடவி மூடினால் அது சில வாரங்களிற் கழன்று விழும். கெட்ட பகுதி முழுவதையும் அரைத்து நீக்கவேண்டும். துளையின் ஓரம் செங்குத்தாக இராமல், தடிப்பைப்போற் பன்னிரு மடங்கு அகலத்துக்குச் சரிவாகச் சீவப்படவேண்டும். அப்போதுதான் புதிய நார் பழைய நாரைப் பற்றிக்கொள்ளும். நன்னீராற் கழுவி உப்பை அகற்ற வேண்டும். பின்னர் முற்றாக உலர விடவேண்டும். ரெசினில் இறுக்கியை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டுமே கலக்கவேண்டும். கூடினாற் கொதித்து வெடிக்கும். குறைந்தாற் பிசுபிசுத்து நிற்கும். உச்சி வெயிலில் வேலை செய்தால் நாரை விரிக்கு முன்னரே பசை இறுகிவிடும். ஒவ்வொரு படையையும் உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றவேண்டும். எளிய வேலையாகத் தோன்றும் இதில் வேதியியலும் பொறியியலும் பொறுமையும் கலந்துள்ளன. இதனைச் செய்பவருட் பலர் எந்தத் தொழிற் பள்ளியின் வாயிலையும் மிதித்தவரல்லர்.

இங்கேதான் கீழ்க்கரைக்கே உரிய ஓர் இடர் எழுகின்றது. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. கடல் சீற்றங் கொள்ளும். படகு கரையில் ஓய்ந்திருக்கும். மரத்தோணிக்கு அதுவே பழுது பார்க்கும் காலம். கண்ணாடிநாருக்கோ ஈரம் பகை. மழைக் காலத்தில் நார் உலராது. ஒட்டிய பசை பிடிக்காது. உலர்ந்த காலத்தில் ஒட்டலாமெனில், அதுவே மீன்பிடிக் காலம். படகு ஒரு வாரம் கரையிற் கிடந்தால் அடுப்பும் ஒரு வாரம் குளிர்ந்திருக்கும். ஆகவே மீனவர் இரண்டு தீமைகளுட் சிறியதைத் தேர்கின்றார். மழை ஓய்ந்த ஓரிரு நாட்களில் அவசர அவசரமாக ஒட்டுப் போட்டுக்கொண்டு கடலேறுகின்றார். ஒட்டுக் கழன்றால் மக்கள் அவரைச் சோம்பேறி என்பர், அறியாதவன் என்பர். கூரையிட்ட ஒரு கொட்டில் இருந்தால் தீரக்கூடிய குறை, மனிதரின் குணக்குறையாகப் பேசப்படுகின்றது.

இயற்கையும் போரும் இக்கரையைத் தனித்தனியே விட்டு வைக்கவில்லை. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர், தென்னந்தோப்புகள் தரையோடு சாய்ந்தன, படகுகள் சுள்ளிகளாயின. அதன்பின் வந்த போர்க்காலத்தில் வாவியே எல்லைக் கோடாயிற்று. எழுவான்கரை ஒருவர் கையில், படுவான்கரை மற்றொருவர் கையில். துறைகளிற் சோதனை, கடலிற் செல்ல நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு. பன்முறை இடம்பெயர்ந்த குடும்பங்கள் படகைத் தலையிற் சுமந்து செல்லவா இயலும்? விட்டுச் சென்ற படகு வெயிலில் வெடித்தது, மழையில் நிறைந்தது. 2009 இற் போர் முடிந்தபோது படகுகளின் பழுதும் அந்நெடுங்காலத்தின் ஒரு கணக்காகவே எஞ்சி நின்றது.

இதற்கிடையே 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை இத்தீவில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்த நாவலடியும், கல்லடி, திருச்செந்தூர்ப் பகுதிகளும் அடைந்த அழிவை எழுத்தில் வடிப்பது அரிது. தீவின் மீன்பிடிக் கலங்களில் முக்காற் பங்களவு அழிந்தன அல்லது சேதமுற்றன. உலகம் இரங்கியது, உதவி குவிந்தது. படகு என்பது கண்ணுக்குத் தெரியும் உதவி. ஒளிப்படத்துக்கு ஏற்ற உதவி. ஆகவே நிறுவனங்கள் போட்டியிட்டுப் படகு வழங்கின. தேவை பெருகியதும் புதிதாகப் படகு வார்ப்போர் பலர் முளைத்தனர். அவசரத்தில் வார்த்த படகுகளுட் சில தடிப்புக் குறைந்தவை, இறுகாதவை, கடலுக்கு ஏற்றவையல்ல என்பது பின்னர் அறிஞர் ஆய்வுகளிலும் வெளிவந்தது. ஓரிடத்தில் முன்பிருந்ததினும் கூடுதலான படகுகள். வேறோரிடத்தில் உரியவருக்குக் கிட்டாத படகுகள். சேதமுற்ற பழைய படகுகளிற் பலவற்றைச் சிறு செலவிற் செப்பனிட்டிருக்கலாம். ஆனால் செப்பனிட்ட பழைய படகின் அணியத்தில் எவர் பெயரை எழுதுவது?

வாவிக் கரையிற் படகொன்றைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த முதியவர் ஒருவருடன் நாம் ஒரு மாலைப்பொழுது பேசிக்கொண்டிருந்தோம். ஆழிப்பேரலைக்குப்பின் கிடைத்த படகு அது. அதன் இயந்திரம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. அவர் அதற்குப் பாய்மரம் நாட்டிக்கொண்டிருந்தார்! 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் நின்றதையும், அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்ததையும் அவர் மறந்துவிடவில்லை. சிறுபடகுகளின் இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலேயே ஓடுபவை.

“படகு தந்தவங்க கன பேர் மாஸ்டர். பசை வாங்கித் தந்தவங்க ஒருத்தருமில்ல,” என்றார் அவர். அதில் முறைப்பாட்டின் குரல் இருக்கவில்லை. கணக்கொப்பிக்கும் குரலே இருந்தது.

இயந்திரத்துக்கென வார்த்த படகுக்குப் பாய் பூட்டுவது எளிதன்று என்பதை அவர் விளக்கினார். பாய்மரத்தின் அடி நேரே மெல்லிய அடித்தளத்தில் நின்றால் அதனைத் துளைத்துவிடும். ஆகவே அகலப் பலகை ஒன்றை வைத்து, அதன்மேல் நாரும் பசையும் போர்த்தி, பாரத்தைப் பரவச் செய்யவேண்டும். ஏரா இல்லாத தட்டைப் படகு பக்கக் காற்றிற் சறுக்கிக் கொண்டே போகும். அதற்குப் பக்கத்தில் இறக்கி ஏற்றும் பலகை வேண்டும். தம் தந்தையின் தோணியிற் கண்ட அமைப்புகளை அவர் புதிய பொருளிற் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மரக்காலத்து அறிவு மடிந்துவிடவில்லை. அது கண்ணாடிநாருக்குள் புகுந்து வாழ முயல்கின்றது. கண்ட நமக்கு வியப்பும் நாணமும் ஒருங்கே தோன்றின. வகுப்பறையிற் காற்றின் விசையைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் நாம், அதனைக் கையாலறிந்த மனிதரை ஒருநாளேனும் அவ்வகுப்பறைக்கு அழைத்ததுண்டா?

பாய்க்குத் திரும்பும் எண்ணம் பித்தமன்று. 1973 இல் எண்ணெய் விலை ஏறியபின் உலகின் பல கரைகளில் இவ்வெண்ணம் எழுந்தது. 1979 இற் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தார் கரையேற்றும் சிறுபடகுகளில் பாயையும் சிறு இயந்திரத்தையும் இணைத்துச் சோதித்தனர். விலை இறங்கியதும் உலகம் அதனை மறந்தது. விலை ஏறும்போது ஏழை அதனை மீண்டும் நினைக்கின்றான். இயந்திரத்தைக் கைவிடுக என்று நாம் கூறவில்லை. கடலில் உயிரைக் காப்பது பல வேளைகளில் இயந்திரமே. ஆனால் இரண்டாவது வழி கையில் இருப்பவனை எரிபொருள் வணிகன் எளிதில் மண்டியிட வைக்க முடியாது.

மேலைநாடுகளிலும் இன்று 1960களின் கண்ணாடிநார்ப் பாய்ப்படகுகளைத் தேடி வாங்கிப் புதுப்பிப்போர் பலர் உளர். அப்பொருளின் வலிமையைக் கட்டியவர்களே முழுதறியாதிருந்த காலத்தில், அச்சத்தால் தடித்து வார்க்கப்பட்ட அப்படகுகள் அறுபதாண்டு கடந்தும் மிதக்கின்றன. நுரைப் பஞ்சும் முகமூடியும் உலர்த்தும் கூடமும் நல்ல பசையும் அவர்களுக்குண்டு. வார இறுதியின் ஓய்வும் உண்டு. அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. பழையதை எறியாமற் காப்பது நற்பண்பே. ஆயினும் ஒரே வேலை அங்கே பொழுதுபோக்கு, இங்கே பிழைப்பு. ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018 இற் சேர்த்தது. அரைக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் கண்ணையும் தோலையும் நுரையீரலையும் வருத்தும். நம் கரையில் இவ்வேலை சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வாயில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு நடைபெறுகின்றது. அத்துணியும் பல வேளை இருப்பதில்லை.

இன்னுமொன்று. நற்றிணையின் நெய்தற் பாட்டொன்று, உழைத்து மூப்படைந்த பழைய படகைக் காட்டுகின்றது. உழவர் தம் முதிய எருதைத் தொழிலிலிருந்து விடுவித்துப் புல்லுள்ள தோட்டத்தில் விடுவதுபோல், அப்படகைப் பரதவர் புன்னை நிழலில் மரத்தின் அடியிற் பிணித்து ஓய்வளிக்கின்றனராம். உழைத்த பொருளுக்கும் ஓய்வளித்த அப்பண்பாட்டை எண்ணி மகிழலாம். மரப்படகு அவ்வாறு ஓய்ந்து, பின் விறகாகவோ மண்ணாகவோ மாறும். கண்ணாடிநார்ப் படகு மண்ணாவதில்லை. எரித்தால் நச்சுப் புகை. விட்டால் துகள் துகளாகி வாவியிற் கலக்கும். இறாலும் மீனும் வளரும் அந்நீரில்தான் நம் பிள்ளைகளின் சோறு இருக்கின்றது. ஆகையால் ஒரு பழைய படகை இன்னும் பத்தாண்டு மிதக்கச் செய்பவர், ஒரு குடும்பத்தின் பிழைப்பை மட்டுமன்றி வாவியையும் காக்கின்றார்.

செய்யத்தக்கது யாது? பெருந்திட்டங்களை நாம் வேண்டவில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கந்தோறும் கூரையிட்ட ஒரு பழுதுபார்க்கும் கொட்டில் இருந்தால், மழைக்காலத்து ஓய்வு உண்மையாகவே பயன்படும். புதுப்படகுக்குக் கடன் கொடுக்கும் கை, பசைக்கும் நாருக்கும் சிறுகடன் கொடுக்கவும் நீளவேண்டும். முகமூடியும் கண்கவசமும் விலைமிக்க பொருள்களல்ல. வாவிக்கரைப் பள்ளிகளின் விஞ்ஞான வகுப்பில் ஒட்டுப்பசை இறுகும் வினையையும், பாயில் விழும் காற்றின் விசையையும் கரையிலேயே கற்பிக்கலாம். கற்பிப்பதற்குரிய ஆசான்கள் அங்கேயே இருக்கின்றனர். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்லடியிலும் வாழைச்சேனையிலும் கடலேறும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பசையாலேயே தம் படகுகளை ஒட்டுகின்றனர். போர் பிரித்த மக்களுக்கு ஒரு பொதுக் கொட்டில் கூட்டங்களிற் பேசப்படும் ஒற்றுமையைவிட உறுதியான ஒற்றுமையைத் தரக்கூடும்.

வரலாறு கற்பிக்கும் நண்பர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்றே. மாணவரைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள், அது வேண்டியதே. திரும்பும் வழியில் அவர்களை வாவிக் கரையிலும் சற்றே நிறுத்துங்கள். கவிழ்ந்த படகின் வயிற்றில் எத்தனை ஒட்டுகள் உள்ளன என்று எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஒட்டுக்கும் ஓர் ஆண்டு உண்டு. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு காரணம் உண்டு. இது சூறாவளிக்குப் பின் போட்டது, இது இடம்பெயர்ந்து திரும்பியபோது போட்டது, இது மண்ணெண்ணெய் கிடையாத ஆண்டிற் பாய்மரம் நாட்டப் போட்டது என்று அங்கு குந்தியிருக்கும் பெரியவர் விரல்வைத்துக் காட்டுவார். அவர் சொல்வதை மாணவர் எழுதிக்கொள்ளட்டும். அணியத்தில் எழுதிய பெயர் வெயிலில் அழிந்துவிடும். ஒட்டுப் போட்டவரின் பெயர் நம் ஏட்டிலேனும் ஏறட்டும்.